சிம்மக்கல்லில் ஒரு கலங்கரை விளக்கம்

எழுமலை
ஜனவரி 20

அறிவிலும் அடங்காமையிலும் ஈரேழு பதினான்கு உலகங்களை வென்ற என் மருமகள் சத்யப்ரியாவுக்கு, எழுமலைப் பேரரசின் தென்னந்தோப்பு அதிபதி, உன் தாய்மாமன் சோலை எழுதும் திருமுகம்.

இங்கே நானும் தோப்பும் கறவை மாடும் சுகம். உன் அம்மாவும் சுகம்; என்னை வைகிற குரலில் கடுகளவும் தேய்மானம் இல்லை. அங்கே நீயும், உன் கடலும், அந்த ஒற்றைக்கால் கோபுரமும் சுகமா? சங்குமுனைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

இந்தக் காலத்தில் எவன் கடுதாசி எழுதுகிறான் என்று நீ சிரிப்பது ஏழு மலை தாண்டி எனக்குக் கேட்கிறது. என்ன செய்ய? என் குரல் அப்படி. போன வாரம் போனில் உன்னை "சாப்பிட்டியாத்தா?" என்று ரகசியமாகக் கேட்டேன். எதிர்வீட்டு ராக்கம்மாள் "சாப்ட்டேண்ணே" என்று பதில் சொன்னாள். உன் அம்மாவோ அதைவிடப் பக்கத்தில், அடுப்படியில் இருக்கிறாள். ஆகவே ரகசியத்துக்குத் தபால்தான். பதிலைத் தோப்பு முகவரிக்குப் போடு. வீட்டுக்குப் போட்டாயோ, என்னைத் தென்னைக்கு உரமாக்கிவிடுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேலை கிடைத்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதாவது, முக்கால்வாசி சொல்லிவிட்டேன். அருங்காட்சியகம் என்றேன். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை என்றேன். ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்றேன். எல்லாம் சத்தியம். அதற்குப் பிறகு அக்கா, "எந்த ஊருடா?" என்று கேட்டாள். என் வாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "மதுரைதாங்க்கா" என்று சொல்லிவிட்டது.

கோபப்படாதே. தேங்காய் லோடு இறக்கப் போன ஊரில் குளிக்க இறங்கிய உன் அப்பா வெள்ளைத்துரை மச்சானைக் கடல் கொண்டுபோனபோது உனக்கு நாலு வயது. அன்றிலிருந்து உன் அம்மா கடல் மீனைத் தொட்டதில்லை, கண்மாய்க் கெண்டைதான். கடல் உப்பு வாசப்படி ஏறியதில்லை. உசிலம்பட்டியிலிருந்து இந்துப்பு வரவேண்டும். ஊரில் எவனாவது புதுவீட்டுச் சுவரில் நீலம் அடித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளிடம் போய், "உன் மகள் கடலோரத்தில், பருந்து பறக்கிற உயரத்தில் நிற்கிறாள்" என்று சொன்னால், அடுத்த பஸ்ஸில் வந்து உன்னை முடியைப் பிடித்து இழுத்து வருவாள். இல்லையென்றால் நின்ற இடத்திலேயே விழுவாள். இரண்டில் எது நடக்கும் என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. மற்றபடி உன் மாமனிடம் இல்லாத தைரியமே இல்லை.

நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நீ மதுரையில் இருக்கிறாய். ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொல்லின் செல்வன், பொய்யின் குபேரன்,
சோலை

சங்குமுனை
பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா? இதை அவளிடமே போனில் கேட்கலாம். ஆனால் இப்போதெல்லாம் அவளிடம் பேசவே பயமாக இருக்கிறது.

முந்தாநாள் அம்மா கூப்பிட்டாள். நான் வெளியே நின்றிருந்தேன். "என்னடி பின்னால ஒரே இரைச்சலா இருக்கு?" என்றாள். "டவுன் பஸ்ஸும்மா" என்றேன். "இம்புட்டு நேரமாவா ஒரு பஸ்ஸு போகுது?" என்றாள். உங்கள் மருமகள்தானே, "மாட்டுத்தாவணி பக்கம்மா, வரிசையா வரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. இப்போது அவள் கூப்பிட்டால் ஓடிப்போய், பழைய நங்கூரங்களை வைத்திருக்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறேன்.

இங்கே இப்போது தை, மாசிச் சீசன். சாயங்காலம் பார்க்க வருகிறவர்களைக் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏற்றுகிறோம். சுழல் படிக்கட்டு; சிறு கூட்டமாகத்தான் மேலே கூட்டிப்போவேன். உச்சியில் பழைய விளக்கின் கண்ணாடி லென்ஸ் இருக்கிறது, ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் போல அம்புட்டுப் பெரிசு. வெளியே கைப்பிடிக் கம்பியைச் சுற்றி நின்றால், முதலில் எல்லாரும் கத்துவார்கள். பிறகு ஒருத்தரும் பேசமாட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது நேரம் பிடிக்கும். அப்பாவை நினைத்துக்கொள்வேன். பயமாக இருந்ததில்லை மாமா. ஏன் என்று தெரியவில்லை.

வழிகாட்டிகளின் வீட்டாருக்குக் கட்டணம் கிடையாது. ஒருநாள் வாருங்கள். எனக்கு இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். நீங்களே இன்னும் வந்து பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவள் தாங்குவாள்.

உங்கள்,
சத்யா

எழுமலை
மார்ச் 18

சமுத்திர ராஜகுமாரிக்கு மாமனின் ஆசிகள்.

இங்கே அனைவரும் நலம். மாடு மட்டும் சினை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கடல் காற்றுக்கு முடி கொட்டுமாமே, தேங்காய் எண்ணெய் தடவு. தடவ எண்ணெய் இல்லையென்றால் சொல், தோப்பையே வேரோடு அனுப்புகிறேன்.

உன் கடிதம் கண்டு தோப்பில் இருந்த அணில்கள் எல்லாம் அழுதன. கலங்கரை விளக்கம் ஏற எனக்கு ஆசை இல்லாமலா? நான் ஏறினால் அது தாங்குமா என்பதுதான் கவலை. மேலும் மாடு சினையாக இருக்கிறது. மேலும் வடக்குத் தோப்பில் காய் வெட்டு. மேலும் பங்குனியில் கிழக்கே சூலம்.

அக்காவிடம் சொல்வது பற்றி. போன செவ்வாய்க்கிழமை தொண்டையைச் செருமி, "அக்கா, மதுரைன்னு சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி நின்றது. நான், "அங்க வெயிலு இந்த வருசம் ரொம்பச் சாஸ்தி" என்று முடித்துக்கொண்டேன். வெயிலைப் பற்றிச் சொன்னதிலும் உண்மை இருக்கிறதா இல்லையா?

ஆனால் நீ போனில் சொன்ன சேதி கேட்டுத் துள்ளிவிட்டேன். சித்திரைப் பொருட்காட்சிக்கு உங்கள் அருங்காட்சியகம் மதுரைத் தமுக்கம் மைதானத்தில் கடை போடுகிறதா! மாதிரிக் கலங்கரை விளக்கம் வேறு கட்டுகிறார்களா! அடி தங்கமே, கடவுளே நம் பொய்யைப் பார்த்து இரக்கப்பட்டு அதை உண்மையாக்கித் தருகிறார். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாரேன். இதுதான் உன் ஆபீஸ் என்று காட்டுகிறேன். நீ சீருடையில் நிமிர்ந்து நில். மற்றதை மாமன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
தந்திரத்தில் நரியும் தேகத்தில் சிங்கமுமாகிய
சோலை

மதுரை, தமுக்கம்
மே 22

மாமாவுக்கு,

சுகமா? மாடு நல்லபடியாகக் கன்று போட்டதா? அம்மா வெயிலில் வந்துபோனாளே, தலைவலி இல்லையே?

நீங்கள் அன்றைக்கு அப்பளம் வாங்கப் போய்விட்டீர்கள். வேண்டுமென்றே போனீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா அந்தப் பலகைக் கோபுரத்தைச் சுற்றி வந்து கையால் தட்டிப் பார்த்தாள். "ஒட்டுப்பலகை" என்றாள். உள்ளே அலைச் சத்தம் பதிவுபண்ணி ஓடவிட்டிருந்தோம். "அத அமத்துடி" என்றாள். அமர்த்தினேன். எங்கள் பொறுப்பாளர் ராதாமணி மேடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மதுரைக்காரர், சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, "உங்க பொண்ணு இல்லன்னா எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரிம்மா" என்றார்.

கிளம்பும்போது அம்மா என் சட்டைக் காலரைச் சரிபண்ணினாள். "நல்ல வேலைடி. நெழல்ல நிக்கிற வேலை. எனக்கு இனிமே பயமில்ல" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்பளத்தோடு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

மாமா, பொருட்காட்சி முடிந்ததும் இந்தக் கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முன்பு அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது நம்பியிருக்கிறாள்.

சத்யா

எழுமலை
ஆகஸ்ட் 3

என் உயிரினும் மேலான மருமகளுக்கு,

ஆடி முடியப்போகிறது, மாமன் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை என்று நீ பொருமுவது நியாயம். நீ சுகம்தானே? இங்கே கன்றுக்குட்டி சுகம். கிடாரி. உன் பெயரை வைக்கலாம் என்றேன், அக்கா விளக்குமாற்றை எடுத்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். பொருட்காட்சி முடிந்ததும் அக்கா, "இனிமே புள்ள எங்க வேலை பார்க்கும்?" என்று கேட்டாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "சிம்மக்கல்லுல சொந்தக் கட்டடத்துக்கு மாத்திட்டாங்கக்கா. ஆத்தங்கரை ஓரம்" என்றேன். நெஞ்சு நிமிர்ந்தால் என்னம்மா, நாக்கு குனிந்தே கிடக்கிறதே.

ஆனி மாதம் பாத்திரம் வாங்க அக்காவும் என்னோடு தேங்காய் வண்டியில் சிம்மக்கல் வந்துவிட்டாள். நான் கமிஷன் கடைக்குள் போய் வருவதற்குள் ஆட்டோக்காரன் ஒருவனிடம், "தம்பி, இங்கன கடல் மியூசியம் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவன் பாலத்தைக் காட்டி, "ஆத்துலயே தண்ணியக் காணோம், கடலுக்கு எங்கத்தா போறது?" என்றானாம். நான் வியர்வையில் ஒரு வைகையே ஓடவிட்டேன். "அவன் வாடிப்பட்டிக்காரன்க்கா, அவனுக்கு என்ன தெரியும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, லீவு" என்று இழுத்து வந்தேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. வாரா வாரம் நான் லோடோடு போகும்போது உனக்குக் கொடுக்கச் சொல்லித் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்புகிறாள். கெண்டை மீன் குழம்பு, நாட்டுக்கோழி, கருவாடு இல்லாத கத்தரிக்காய். போனில் சோற்றுப் பேச்சை எடுத்தால் பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் வந்துவிடும் என்று சொல்லி அவள் வாயைக் கட்டிவைத்திருக்கிறேன். அதை என்ன செய்ய? ஆற்றில் கொட்டினால் பாவம். பாலத்துக்கு அடியில் வண்டி நிழலில் உட்கார்ந்து நானே தின்கிறேன். உன் பங்கைத் தின்று தின்று, இப்போது நான் நடந்தால் ஊரில் பூகம்பம் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகின்றன. திரும்பி வந்ததும், "என்னடா சொன்னா?" என்று வாசலிலேயே நின்று கேட்பாள். ஒருதரம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உப்பு கொஞ்சம் காணாதுன்னுச்சு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. "இந்துப்பு அப்படித்தான், நாக்குல நிக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்ல நேரம் வரட்டும்.

மாமன் சோலை

சங்குமுனை
ஆகஸ்ட் 19

மாமா,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். ராதாமணி மேடத்திடம் வாசித்துக் காட்டலாம் என்று எழுந்தேன். தூக்குச்சட்டி வந்த இடத்துக்கு அப்புறம் முடியவில்லை.

கெண்டை மீன் குழம்பு என்றீர்களே, அதில் மாங்காய் போட்டிருந்தாளா? அடுத்த கடிதத்தில் அதையாவது உண்மையாக எழுதுங்கள்.

நீங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். அவள் வாராவாரம் இல்லாத ஒரு ஆபீசுக்குச் சோறு கட்டுகிறாள். வெளியே யாராவது சொல்லி அவளுக்குத் தெரிந்தால் கடலுக்குப் பயப்படமாட்டாள் மாமா, நம்மைத்தான் இனி நம்பமாட்டாள்.

ஆகவே ஒரு கெடு வைக்கிறேன். கார்த்திகை தீபத்தன்றைக்கு இங்கே பெரிய நிகழ்ச்சி. ஓய்வு கொடுத்த பழைய விளக்கை அந்த ஒருநாள் மட்டும் ஏற்றுவார்கள். இந்த வருடம் திரியைப் பற்றவைக்க என்னைச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் சொல்லவில்லையென்றால், நானே வந்து அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லுவேன். வேலையை விடு என்று அவள் சொன்னால் விட்டுவிடுவேன். ஆனால் பொய்யில் நின்று விளக்கேற்ற என்னால் முடியாது.

இங்கே ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. மேலே ஏற்றுவதை நிறுத்தி, கீழே பிள்ளைகளுக்குப் பட்டம் விடும் விழா நடத்தினோம். ஒருநாள் கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் போய்... சரி, அது ஒன்றுமில்லை.

சத்யா

எழுமலை
அக்டோபர் 12

மருமகளுக்கு,

சுகம். அக்காவும் சுகம். மாங்காய் போட்டிருந்தாள்.

"கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் போய்" என்று எழுதி, அப்புறம் "ஒன்றுமில்லை" என்றாயே, அந்த ஒன்றுமில்லை என்ன? ஐம்பது நாளாக அந்த ஒரு வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். காய் வெட்டும்போது எடுத்துப் பார்க்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது எடுத்துப் பார்க்கிறேன். விழுந்தாயா? வழுக்கியதா? கை காலில் அடியா? நீ போனில் "நல்லாருக்கேன்" என்று சொல்வது எனக்குக் கணக்கில்லை. நானே எத்தனை நல்லாருக்கேன் சொல்கிறவன்.

கெடு ஞாபகம் இருக்கிறது. இரண்டு முறை சொல்ல உட்கார்ந்தேன். முதல்முறை ராக்கம்மாள் தயிர் கேட்டு வந்தாள். இரண்டாம் முறை யாரும் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னடா, சோலை?" என்றாள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது கேட்பாளே, அதே குரல். தோப்புக்குப் போய்விட்டேன்.

செய்தியில் வங்கக் கடலில் காற்றழுத்தம் என்கிறான். நீ மேலே ஏறாதே. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மாமா

சங்குமுனை
நவம்பர் 5

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு பட்டப்பெயர்கூட இல்லை. ஒரு ராஜா இல்லை, ஒரு சிங்கம் இல்லை. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். உடம்பு சுகம்தானே?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரப் படியில் முழங்கால் சிராய்த்தது, அவ்வளவுதான். இது சத்தியம். இனி உங்களுக்கு அரைவரி எழுதமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. உங்களை இங்கே எத்தனை தடவை கூப்பிட்டேன்! மாடு சினை என்றீர்கள், காய் வெட்டு என்றீர்கள், சூலம் என்றீர்கள். மாடு கன்று போட்டு அது மேயவே ஆரம்பித்துவிட்டது. அம்மா கடலுக்குப் பயப்படுவதை ஊரே சொல்லும். நீங்கள் கடைசியாகக் கடலைப் பார்த்தது எப்போது மாமா?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. யோசித்தால் போதும்.

பழைய விளக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டோம். மழைக்காலம் என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புயல் வாரம் நடத்துகிறோம். எந்த எண் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். கெடு நெருங்குகிறது.

சத்யா

எழுமலை
நவம்பர் 24

சத்யா,

நீ பத்திரமா? அக்கா அங்கே வந்தாளா?

நேற்றிலிருந்து உன் போன் கிடைக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தேங்காய் வண்டி சிவபாண்டி நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புயல் என்று சொன்னதுமே டிவி ஒயரைப் பிடுங்கி எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஆனால் ராக்கம்மாள் வீட்டு டிவியை எந்த எலியும் கடிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம், "அழகம்மாக்கா, ஒம் மக டிவியில வாரா, ஓடியா!" என்று தெருவே அதிரக் கத்தினாள். அக்கா போய்ப் பார்த்தாள். நானும் பின்னால் ஓடினேன். நீ மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தாய். மீனவர் குடும்பங்களை அருங்காட்சியகத்தில் தங்கவைத்திருக்கிறோம் என்றாய். உனக்குப் பின்னால் அது அலையலையாக ஆளுயரத்துக்கு எழும்பி எழும்பி அடித்தது. ஊர்ப்பெயரும் கீழே போட்டிருந்தான்.

அக்கா அழவில்லை. என்னை வையவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். தூக்குச்சட்டியையும் காணோம். முதல் பஸ்ஸில் ஏறியதாக டீக்கடையில் சொன்னார்கள்.

நான் உசிலம்பட்டி வரை போனேன். மதுரை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் இறங்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

அவள் வந்தாளா? ஒரு வார்த்தை. எப்படியாவது.

சோலை

சங்குமுனை
நவம்பர் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் சுகம், அம்மாவும் சுகம். இதை நேற்று இரவல் போனில் கத்திச் சொல்லிவிட்டேன். நீங்கள் அழுத அழுகை எனக்கு மட்டுமில்லை, இங்கே ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம், காற்று உக்கிரமாவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டாள். கடைசி பஸ் அதுதான். நான் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா. சேலை முழுக்க நனைந்து, தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அது பின்னால் இடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா..." என்றேன்.

"இதுதான் சிம்மக்கல்லாடி?" என்றாள்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். "கெளம்பு. மறு பஸ்ஸுல போறோம்" என்றாள். மறு பஸ் இல்லை. அவள் படகுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஸ்டல், நங்கூர அறை, டவுன் பஸ், தூக்குச்சட்டி, எல்லாம். நீங்கள் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து தின்றதைச் சொன்னபோது மட்டும் சுவரைப் பார்த்தபடியே, "அதான் அந்தப் பயலுக்கு வேட்டி பத்தல" என்றாள்.

ஹாலில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி. அவள் புருஷன் படகு இன்னும் கரை சேரவில்லை. அவள் மட்டும் ஜன்னலை விட்டு நகரவே இல்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் தூக்குச்சட்டியைத் திறந்து, எனக்கென்று கொண்டுவந்த குழம்பைச் சோற்றில் பிசைந்து அவளுக்கு ஊட்டினாள். "தின்னு. பாலு ஊறணும்ல" என்றாள்.

மறுநாள் சமையல் ஆள் வரமுடியவில்லை. ராதாமணி மேடம் அரிசி மூட்டையைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பெரிய சட்டி இருக்கா?" என்றாள். காய் வந்தது, புளி வந்தது. உப்பு கேட்டாள். நாங்கள் மூட்டையைத் திறந்து வைத்தோம். இந்த ஊர் உப்பளத்துக் கல்லுப்பு.

மாமா, இந்துப்புக்கு இங்கே எங்கே போவது? அம்மா மூட்டைக்குள் கையை விட்டாள். விட்ட கை அப்படியே இருந்தது. சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு கை அள்ளிப் போட்டாள். கிண்டினாள். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"காணாது" என்றாள். இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

அந்தப் படகு மறுநாள் வேறு ஒரு கரையில் ஒதுங்கியது. ஆள் உயிரோடு வந்துவிட்டான். அந்தக் கைக்குழந்தைக்காரி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்னத்தடி பண்ணேன், ஒலை வச்சேன்" என்றாள்.

நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தெனமும் மேல ஏறுவியா?" என்று கேட்டாள். "சீசன்ல ஏறுவேன்மா" என்றேன். "ஏறுறப்ப கம்பிய விட்றாத" என்றாள். கடலைப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள். இன்னும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டித்தான் நடக்கிறாள். ஆனால் சத்தத்தை அமர்த்தச் சொல்லவில்லை.

கார்த்திகை முடியும்வரை இங்கேதான் இருப்பாளாம். உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவன வரச் சொல்லு. வாரப்ப வெறுங்கையோட வரச் சொல்லு. இந்த ஆறு மாசம் தின்னதுக்கு இங்கன வந்து சட்டி கழுவட்டும்."

அன்புடன்,
சத்யா

எழுமலை
டிசம்பர் 1

உப்புக்கடல் தளபதி அழகம்மாள், விளக்கேற்றும் வேந்தி சத்யப்ரியா ஆகிய இருவரின் திருச்சமூகத்துக்கு, பாத்திரம் கழுவும் பதவிக்கு நியமனம் பெற்ற அடியேன் சோலை பணிந்து எழுதுவது. இருவரும் சுகமா? மாட்டை ராக்கம்மாளிடம் ஒப்படைத்துவிட்டேன். தோப்பை அணில்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் சிவபாண்டி வண்டியில் இன்றைக்கே வந்துவிடும். நான் நாளை மறுநாள் வாரேன்.

சத்யா, நீ கேட்டாயே, கடைசியாகக் கடலைப் பார்த்தது எப்போது என்று. உன் அப்பாவைத் தேடிப்போன ஆட்களில், அவரைக் கண்டெடுத்தவன் நான். அக்காவிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குக் கரையிலிருந்து திரும்பி நடந்தவன்தான், இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அக்கா பயப்படுகிறாள், அக்கா தாங்கமாட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புயல் கூண்டு ஏற்றிய நாளில் அக்கா பஸ் ஏறிவிட்டாள். அதே நாளில் உன் மாமன், வெயிலடிக்கிற மதுரையில் ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சட்டி கழுவுவேன், கோபுரம் ஏறச் சொன்னாலும் ஏறுவேன். பஸ்ஸில் கடல் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். ஆனால் இறங்கியதும் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து நேற்று முழுக்கத் தூங்கவில்லை.

நீ எனக்கு எதிரே வந்து நில் ஆத்தா. அக்கா நின்ற மாதிரியே, கடலுக்கு முதுகைக் காட்டி நில். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்துவிடுகிறேன்.

உன் மாமா,
சோலை